இறங்காத விதைக்கு ஐந்து வயது வரை காத்திருக்கலாமா?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதினேன் என்று அவரே சொல்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு இப்போது 1 வயது 10 மாதம். 34 வாரத்திலேயே, 1.9 கிலோ எடையில் பிறந்தவன். வலது பக்கம் விதை (விரை) விதைப்பையில் இல்லை என்று பிறந்த மருத்துவமனையிலேயே சொல்லிவிட்டார்கள், கூடவே "தானா இறங்கிடும், அஞ்சு வயசு வரைக்கும் பார்க்கலாம்" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வயதில் எடுத்த ஸ்கேனில் வலது விதை தொடை இடுக்குப் பாதையில் இருப்பதாக எழுதியிருக்கிறது. "ஒரு நாள் வெந்நீரில் குளிக்க வைக்கும்போது பையில் இருந்த மாதிரி தெரிந்தது, அடுத்த நாள் காணோம்" என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். இந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

இதற்கு நடுவில் பையன் மூத்திரம் போகும்போது குஞ்சின் முன்தோல் பலூன் மாதிரி உப்புகிறது என்று வேறொரு டாக்டரிடம் காட்டியதில், தோலை வெட்டி எடுத்துவிடலாம், அடுத்த வாரமே வாங்க என்றிருக்கிறார். வெட்ட வேண்டாம், நானே சரிபண்ணுகிறேன் என்று பையனின் ஆத்தா (பாட்டி) தினமும் தண்ணி வார்த்து விடும்போது தேங்காய் எண்ணெய் போட்டுத் தோலைப் பின்னால் தள்ளுகிறார், ஒரு தடவை ரத்தம் வந்து பையன் வீறிட்டு அழுதிருக்கிறான். கணவரின் நண்பர் ஊசி போட்டாலே விதை இறங்கிவிடும் என்கிறார். ஆபரேஷன் பேச்சை எடுத்தால், குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் முடியாமல் குழந்தை உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்கிறார் மாமியார். போதாக்குறைக்கு, "முழுகாம இருக்கறப்ப ஸ்கூட்டர் ஓட்டிட்டுத் திரிஞ்சே, அதான்" என்ற பேச்சு வேறு. நான்தான் காரணமா, இவனுக்குப் பின்னால் குழந்தை பிறக்குமா, மயக்க மருந்து மூளையைப் பாதிக்காதா, எங்கே போவது, எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார். கடைசி வரியில், மூத்த பெண் 6 வயதாகியும் படுக்கையில் மூத்திரம் போகிறாள் என்று போகிற போக்கில் ஒரு விஷயம்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். முன்தோலுக்கு எந்த அவசரமும் இல்லை, அதை யாரும் வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். விதைக்கு இனிமேல் காத்திருக்கக் கூடாது, இந்த மாதத்திற்குள் ஒரு குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் பையனைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் நடந்திருப்பது நான் அடிக்கடி பார்க்கிற விஷயம்தான், பொறுமையாக விட வேண்டிய தோலுக்கு அடுத்த வாரமே தேதி குறிக்கிறார்கள், தேதி குறிக்க வேண்டிய விதைக்கு ஐந்து வயது என்கிறார்கள்.

அந்த ஐந்து வயதுக் கணக்கு எங்கிருந்து வந்தது

சொன்னவர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில்தான் இந்த ஆபரேஷனைச் செய்தார்கள். பிறகு, இறங்காத விதையில் இருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, முதல் வருடத்திலேயே அதில் உள்ள விந்தணுவின் மூல செல்கள் குறையத் தொடங்குவது தெரிந்தது. விதைப்பை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்கும், விதைக்கு அந்தக் குளிர்ச்சி வேண்டும். வயிற்றிலோ தொடை இடுக்கிலோ தங்கிவிட்ட விதை நாள் முழுக்கச் சூட்டில் கிடக்கிறது. அதனால் வயதுக் கணக்கு படிப்படியாகக் கீழே வந்து, இப்போது 6 மாதத்தில் இருந்து 12 மாதத்துக்குள், தாமதமானால் 18 மாதத்துக்குள் என்று நிற்கிறது. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2014 நெறிமுறையும் இதைத்தான் சொல்கிறது: 6 மாதத்தில் இறங்கவில்லை என்றால் நிபுணரிடம் அனுப்பு, அடுத்த ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனை முடி.

"தானா இறங்கிடும்" என்பதும் பாதி உண்மை. கருவில் விதை சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி, கடைசி மூன்று மாதத்தில்தான் தொடை இடுக்கு வழியாகப் பைக்கு வருகிறது. பத்து மாதம் நிறைந்து பிறக்கும் ஆண் குழந்தைகளில் 100க்கு 3, 4 பேருக்கு ஒரு விதையாவது இறங்காமல் இருக்கும், குறைமாதக் குழந்தைகளில் இது 30 வரை போகும். இவர்களில் பெரும்பாலோருக்கு முதல் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும், ஒரு வயதில் பார்த்தால் 100க்கு ஒருவர் அளவில்தான் மிஞ்சியிருப்பார்கள். 6 மாதத்துக்குப் பிறகு இறங்குவது அபூர்வம். உங்கள் பையன் ஆறு வாரம் முன்னால் பிறந்ததால் அந்த ஆறு வாரத்தைக் கழித்துக்கொள்ளலாம், கழித்தாலும் 20 மாதம் தாண்டிவிட்டது. கொஞ்சம் தாமதம்தான், ஆனால் கைமீறிய தாமதம் இல்லை. ஏழெட்டு வயதில், ஏன், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் நேரத்தில்கூட வருகிறார்கள்.

நீங்கள்தான் காரணமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில், இல்லை. ஸ்கூட்டருக்கும் பப்பாளிக்கும் இதில் எந்தப் பங்கும் கிடையாது. குறைமாதம், குறைந்த எடை, இந்த இரண்டும்தான் காரணங்களில் முன்னால் நிற்பவை, அதற்கடுத்து அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இதே பிரச்சினை இருந்திருப்பது. என் அறையில் மருமகளைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்த ஒரு பாட்டி, நான் பரம்பரையைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் கழித்து, "இவனப்பனுக்கும் சின்னதுல இப்படித்தான் இருந்துச்சுங்க" என்று மெதுவாகச் சொன்னார். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

வெந்நீரில் தெரிந்தது, மறுநாள் காணோம்

உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி இதுதான். விதையை மேலே இழுக்கும் தசை ஒன்று இருக்கிறது, குளிரிலும் பயத்திலும் அது சுருங்கும். சில பையன்களுக்கு அந்தத் தசை ரொம்பச் சுறுசுறுப்பு, விதை பைக்கும் இடுக்குக்கும் நடுவே ஓடி ஓடி விளையாடும். அதற்குப் பெயர் ஓடும் விதை. அது நோய் இல்லை, ஆபரேஷன் தேவையில்லை, வருடம் ஒரு தடவை காட்டினால் போதும் (ஏன் காட்ட வேண்டும் என்றால், அதில் சில வளர வளர மேலேயே தங்கிவிடும்). உண்மையில் இறங்காத விதை வேறு, இது வேறு. ஸ்கேன் அறிக்கையில் இரண்டுமே "தொடை இடுக்கில்" என்றுதான் வரும், ஏனென்றால் ஜில்லென்ற ஜெல்லைத் தடவி ஏசி அறையில் படுக்க வைத்தால் நல்ல விதையும் மேலே ஏறிக்கொள்ளும்.

இதனால்தான் நாங்கள் ஸ்கேனை நம்பி முடிவெடுப்பதில்லை. தொட்டுத் தெரியாத விதையைத் தேடுவதில் ஸ்கேன் சரிபாதி தடவைகூடச் சரியாகச் சொல்வதில்லை. ஸ்கேனில் இல்லை என்றால் விதையே இல்லை என்றும் அர்த்தமில்லை. முதல் கருவி கைதான். நான் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன், இதை வைத்து நீங்கள் போகிற இடத்தில் சரியாகப் பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ளலாம். குழந்தை அம்மா மடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும், ஃபேன் நின்றிருக்கும், கையை வெந்நீரில் கழுவிச் சூடாக்கிக்கொண்டு, விரலில் கொஞ்சம் சோப்பு நுரையோடு, இடுப்பெலும்பின் பக்கத்தில் இருந்து கீழ்நோக்கி மெதுவாகத் தடவிக்கொண்டே வர வேண்டும். விதை பையின் அடிவரை வலியில்லாமல் வந்து, கையை எடுத்தபின்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் அது ஓடும் விதை. வராவிட்டாலோ, வந்து கையை விட்டதும் ரப்பர் மாதிரி மேலே போனாலோ அது இறங்காத விதை. குழந்தை அழுதால் அன்றைக்கு விட்டுவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்வேன். அழுகிற குழந்தையை நாலு பேர் அமுக்கிப் பிடித்துப் பார்த்து எழுதிய முடிவை நம்பாதீர்கள்.

உங்கள் பையனுக்குப் பிறந்ததில் இருந்தே பை காலியாக இருந்ததும், குறைமாதப் பிறப்பும் இறங்காத விதையின் பக்கம் சாய்கின்றன. அந்த ஒரு நாள் குளியல் இன்னொரு பக்கம் இழுக்கிறது. கடிதத்தைப் படித்து இதை முடிவு செய்ய என்னால் முடியாது, யாராலும் முடியாது. வீட்டில் ஒன்று செய்யலாம்: நாலைந்து நாள், வெதுவெதுப்பான தண்ணீரில் அவன் பாட்டுக்கு விளையாடும்போது, தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்து இரண்டு பக்கமும் தெரிகிறதா என்று குறித்து வையுங்கள். டாக்டருக்கு அந்தக் குறிப்பு உதவும்.

ஊசி விஷயம். ஹார்மோன் ஊசி போட்டால் இறங்கும் என்பது பழைய வைத்தியம், இப்போது பரிந்துரைப்பதில்லை. சும்மாவே கீழே வரக்கூடிய ஓடும் விதைகளைத்தான் அது பெரும்பாலும் இறக்கிக் காட்டியது, உண்மையில் இறங்காதவற்றில் பலன் குறைவு, விந்தணு மூல செல்களுக்குக் கெடுதல் செய்யலாம் என்ற கவலையும் உண்டு. நண்பருக்கு நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் என்றால் என்ன, செய்யாவிட்டால் என்ன

இடுக்கில் தொட்டுத் தெரிகிற விதை என்றால், தொடை இடுக்கு மடிப்பில் ஒரு சின்ன வெட்டு, பையில் இன்னொன்று. விதையோடு வரும் ரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள நார்களில் இருந்து விடுவித்து நீளம் கொடுத்து, பையின் தோலுக்கு அடியில் சிறு அறை மாதிரி செய்து அதற்குள் உட்கார வைக்கிறோம். கூடவே பெரும்பாலும் ஒரு குடலிறக்கப் பை திறந்திருக்கும், அதையும் கட்டிவிடுவோம். முக்கால் மணியில் இருந்து ஒரு மணி நேரம், பெரும்பாலும் அன்று மாலையே வீடு. இரண்டாம் நாளே ஓடுவான், அவனைப் பிடித்து வைப்பதுதான் உங்களுக்கு வேலை. மூன்று வாரத்துக்கு மூணு சக்கர சைக்கிளும், இடுப்பில் கால் அகட்டித் தூக்குவதும் வேண்டாம்.

தொட்டே தெரியாத விதை என்றால் கதை கொஞ்சம் மாறும். மயக்கத்தில் மறுபடி தொட்டுப் பார்ப்போம், அப்போதும் இல்லையென்றால் தொப்புள் வழியாக லேப்ராஸ்கோப் என்ற கேமரா குழாயை விட்டுத் தேடுவோம், ரொம்ப மேலே இருந்தால் சில மாத இடைவெளியில் இரண்டு கட்டமாகக்கூட இறக்க வேண்டியிருக்கும். உங்கள் பையனுக்கு ஸ்கேன் இடுக்கில் காட்டியிருப்பதால் இது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

இடர்களையும் சொல்லிவிட வேண்டும். இடுக்கில் இருக்கும் விதையை இறக்கும்போது 100ல் ஒன்றிரண்டு சுருங்கிப் போகலாம், சில மறுபடி மேலே ஏறலாம், ரத்தக்கட்டும் புண்ணில் சீழும் எந்த ஆபரேஷனுக்கும் உண்டு. கையெழுத்து வாங்கும் முன் இவற்றை உங்கள் மொழியில் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை. சொல்லாவிட்டால் கேளுங்கள், கேட்பதற்கு முகம் சுளிக்கிறவரிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள்.

செய்யாமல் விட்டால் வருவது வேறு கணக்கு. விந்தணு குறைவது ஒன்று. புற்றுநோய் இன்னொன்று. ஸ்வீடனில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட ஏறக்குறைய 17 ஆயிரம் ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2007ல் வெளிவந்த ஆய்வில், 13 வயதுக்கு முன் செய்தவர்களுக்கு விதைப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 மடங்கு சொச்சம், அதற்குப் பிறகு செய்தவர்களுக்கு 5 மடங்குக்கு மேல். மடங்கைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம், நம் நாட்டில் இது அபூர்வமான புற்றுநோய், அபூர்வத்தின் இரண்டு மடங்கும் அபூர்வம்தான். ஆனால் விதை பையில் இருந்தால், வளர்ந்த பிறகு கட்டி ஏதாவது வந்தால் அவனே தொட்டுக் கண்டுபிடிப்பான், வயிற்றுக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது.

குழந்தை பிறக்குமா? ஒரு பக்கம் மட்டும் இறங்காமல் இருந்து சரிசெய்யப்பட்டவர்களில் குழந்தைக்கு முயன்ற 100 பேரில் 90 பேர் அப்பா ஆனார்கள், சாதாரண ஆண்களில் அது 93, 94. பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் இறங்காதவர்களில்தான் 65 அளவுக்கு இறங்குகிறது. உங்கள் பையனுக்கு இடது விதை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், இந்தக் கவலையை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மயக்க மருந்தைப் பற்றி எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதும்தான். 7 நாடுகளில் 722 கைக்குழந்தைகளுக்குக் குடலிறக்க ஆபரேஷனின்போது, பாதிப் பேருக்கு முழு மயக்கமும் மீதிப் பேருக்கு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகும் ஊசி மட்டும் கொடுத்து, ஐந்து வயதில் அறிவுத்திறனைச் சோதித்தார்கள். 2019ல் முடிவு வந்தது, இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அவர்கள் மயக்கத்தில் இருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, உங்கள் பையனுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மயக்க மருத்துவர் அங்கே இருக்கிறாரா?

காதுகுத்துக்கு வருகிறேன். குலதெய்வத்தை நானும் கும்பிடுகிறவன்தான், மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். மொட்டையை முதலில் வைத்துக்கொள்ளலாமே, அடுத்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் நல்ல நாள் இருந்தால் முடித்துவிட்டு வாருங்கள். மாமன் துபாயில் இருந்து வரணும், சீர் சேர்க்கணும், பண்ணாரி குண்டம் முடியட்டும் என்று ஒரு வருடம் போகுமானால் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நடைமுறையில் ஒப்புதல் கையெழுத்துக்கு அம்மாவோ அப்பாவோ ஒருவர் போதும். ஆனால் கணவரை முதல் நாளே டாக்டரின் அறைக்குள் கூட்டிப் போங்கள். வெளியே பெஞ்சில் உட்காரும் அப்பாக்கள்தான் வீட்டுக்குப் போனதும் மனசு மாறுகிறார்கள்.

ஆபரேஷன் தேதி வரும் வரை ஒன்றைக் கவனியுங்கள். அழும்போது வலது இடுக்கில் புடைப்பு வந்து உள்ளே போகாமல் கெட்டியாக நின்றால், அல்லது திடீரென்று இடுக்கில் வலி, வாந்தி என்றால், காலை வரை காத்திருக்காதீர்கள். குடல் மாட்டியிருக்கலாம், அல்லது விதை முறுக்கியிருக்கலாம். முறுக்கிய விதைக்கு ஆறு மணி நேரம்தான் அவகாசம்.

ஆத்தாவும் தேங்காய் எண்ணெயும்

பிறந்த ஆண் குழந்தைக்கு முன்தோல் உள்ளே மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும், நகம் விரலோடு ஒட்டியிருக்கிற மாதிரி. இங்கிலாந்தில் கெய்ர்ட்னர் என்ற டாக்டர் 1949லேயே எழுதினார், பிறந்த அன்று முழுதாகப் பின்னால் போகும் தோல் 100ல் 4 குழந்தைகளுக்குத்தான். அது வளர வளரத் தானாகப் பிரியும். டென்மார்க்கில் பள்ளிப் பையன்களை வருடக்கணக்காகப் பார்த்து 1968ல் வந்த ஆய்வில், 16, 17 வயதில் தோல் இறுகியே இருந்தவர்கள் 100க்கு ஒருவர்தான். இரண்டு வயதில் பின்னால் போகாத தோல் இயல்பானது. பலூன் மாதிரி உப்புவதும், பிரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம், உப்பிய பிறகு மூத்திரம் முழுசாக வந்துவிட்டால் கவலை இல்லை. தோலுக்கு அடியில் வெள்ளையாகக் குருணை மாதிரி தெரிந்தால் அது சீழ் இல்லை, உதிர்ந்த தோல் அணுக்கள், தானாக வெளியே வரும்.

இழுப்பதுதான் ஆபத்து. இழுக்க இழுக்கச் சின்னச் சின்னதாய் வெடித்து, ஆறும்போது தழும்பாகி, இல்லாத இறுக்கம் உண்மையிலேயே வந்துவிடும். பின்னால் தள்ளிய தோலை மறந்து அப்படியே விட்டுவிட்டால், மொட்டுக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்ட மாதிரி இறுக்கி வீங்கிக்கொள்ளும், அதற்கு ராத்திரியே ஓட வேண்டியிருக்கும். ஆத்தாவிடம் சொல்லுங்கள், எண்ணெயை உடம்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கட்டும், அங்கே மட்டும் வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். அவர் அன்பில்தான் செய்கிறார், அதனால் நீங்கள் சொல்வதைவிட டாக்டர் சொன்னால் எடுபடும், அவரையும் கூட்டிப் போங்கள்.

வெட்டச் சொன்னவரிடம் அடுத்த வாரம் போக வேண்டாம். தழும்பு விழுந்து வெள்ளை வளையமாய்த் தோல் கெட்டியாகிவிட்டது, அடிக்கடி சீழ் பிடிக்கிறது, மூத்திரத்தில் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது என்றால்தான் மருத்துவக் காரணத்துக்காக எடுப்போம். அதற்கும் முன்னால், கொஞ்சம் பெரிய பையன்களுக்கு 0.05 சதவீத பீட்டாமெத்தசோன் களிம்பைச் சில வாரம் தடவச் சொன்னாலே பெரும்பாலோருக்குத் தோல் இளகிவிடும். உங்கள் பையனுக்கு இப்போது அதுவும் வேண்டாம். (மதச் சடங்காகச் செய்யும் சுன்னத் தனி விஷயம், அதைப் பற்றி இங்கே பேசவில்லை.) இன்னொன்று, "எப்படியும் மயக்கம் கொடுக்கிறோம், ஒரே மூச்சில் ரெண்டையும் முடிச்சுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். எதற்காக என்று கேளுங்கள். மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கிற பையன்கள் இருக்கிறார்கள், 200, 300 பேருக்கு ஒருவர், அவர்களுக்கு வழியைச் சரிசெய்ய அந்த முன்தோலையேதான் எடுத்துப் பயன்படுத்துவோம், தெரியாமல் வெட்டிவிட்டால் நஷ்டம். இறங்காத விதையும் அதுவும் சேர்ந்தே இருந்தால் இன்னும் விரிவான பரிசோதனை தேவை. உங்கள் பையனுக்குத் துவாரம் எங்கே இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை, டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கே போவது

எம்.சிஎச். குழந்தைகள் அறுவை சிகிச்சை படித்தவரைப் பாருங்கள். பெரியவர்களுக்குக் குடலிறக்கம் செய்கிற நல்ல சர்ஜன் உங்கள் ஊரிலேயே இருப்பார், ஆனால் இந்த வயதில் ரத்தக் குழாய் நூல் மாதிரி இருக்கும், இது தினமும் இதையே செய்கிறவரின் வேலை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது, செலவில்லை. கணவருக்குச் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், குடும்பத்துக்கும் அது உண்டு, சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கேட்கலாம். தனியாரிடம் போவதாக இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இந்த ஆபரேஷனுக்கு அங்கே அனுமதி கிடைக்குமா என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலேயே முன்கூட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு தொலைந்துவிட்டது, கேட்டால் அலைய விடுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நோயாளியோ பெற்றோரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளிலேயே இருக்கிறது. வாயால் கேட்காமல் தாளில் எழுதி, நகலில் ஒரு சீல் வாங்குங்கள், பெரும்பாலும் அப்போதே கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் உங்கள் மகள்

ஐந்து வயதில் 100க்கு 15 குழந்தைகள் படுக்கையை நனைக்கிறார்கள், அதில் வருடா வருடம் ஒரு பங்கு தானாகவே நின்றுவிடுகிறது. திட்டாதீர்கள், விருந்தாளி முன்னால் சொல்லாதீர்கள். மலம் கெட்டியாகப் போகிறாளா, பள்ளிக்கூடக் கழிப்பறை பிடிக்காமல் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வருகிறாளா என்று விசாரியுங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும். ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்: பகலிலும், ஒழுங்காக மூத்திரம் போய்விட்டு வந்த பிறகும், ஜட்டி எந்நேரமும் ஈரமாகவே இருக்கிறதா? அப்படியானால் அது பழக்கம் இல்லை, சிறுநீரகக் குழாய் மூத்திரப் பைக்குள் சேராமல் வேறு இடத்தில் திறந்திருக்கலாம், தம்பியோடு அவளையும் கூட்டிப் போங்கள்.

ஆபரேஷன் அன்றைக்கு ஒன்று. பையன் சோறு, பிஸ்கட், பசும்பால் எல்லாம் ஆறு மணி நேரம் முன்னாலேயே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறீர்கள் என்றால் நாலு மணி நேரம், வெறும் தண்ணீர் எதுவரை என்று மயக்க மருத்துவர் சொல்வார். வெறும் வயிற்றில் குழந்தை அழுகிறதே என்று பாட்டிமார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பன்னை வராந்தாவில் ஊட்டிவிட்டு, அன்றைய ஆபரேஷன் ரத்தாகி, குடும்பமே சத்தியமங்கலத்துக்குத் திரும்பிப் பஸ் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அன்று மட்டும் ஆத்தாவின் பையை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.